மலிவு விலை மடிக்கணினி: தரத்தையும் திறனையும் அறியும் முறை

கிராமப் பள்ளி ஆசிரியருக்கும் வெளிக்களப் பணியாளருக்கும் மடிக்கணினி இன்று கரும்பலகையையும் குறிப்பேட்டையும் போல இன்றியமையாத கருவியாகிவிட்டது. மாணவர் விவரங்களைப் பதிவு செய்தல், பாடப் படங்களைத் திரையிடல், மண் பரிசோதனை முடிவுகளை அட்டவணைப்படுத்தல், மேலலுவலகத்துக்கு அறிக்கை அனுப்புதல் ஆகிய யாவும் இதன் வழியே நடைபெறுகின்றன. இவர்களுட் பெரும்பாலோர் தம் சம்பளச் சேமிப்பிலிருந்தோ பள்ளியின் சிறு நிதியிலிருந்தோ 20,000 முதல் 35,000 ரூபாய்க்குள் ஒன்றை வாங்க வேண்டியவராயுள்ளனர். ஒருமுறை பிழையாக வாங்கிவிட்டால் அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளுக்கு மறுமுறை வாங்க வழியில்லை.

இவ்விலையில் கிடைக்கும் இயந்திரங்கள் வெளித்தோற்றத்தில் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. ஆயினும் ஒன்று ஐந்தாண்டுகள் உழைக்கிறது. மற்றொன்று ஆறாவது மாதத்திலேயே ஒரு கோப்பைத் திறக்க ஒரு நிமிடம் எடுத்துக்கொள்கிறது. இவ்வேறுபாடு எதனால் உண்டாகிறது, வாங்குவதற்கு முன்பே அதை எவ்வாறு கண்டறியலாம் என்பவையே இப்பாடத்தின் பொருள்.

பெங்களூரில் செய்யப்பட்ட முயற்சி

மலிவான கணினி என்பது யாது என்னும் கேள்வி நம் நாட்டில் ஆழ்ந்து ஆராயப்பட்ட இடங்களுள் பெங்களூர் முதன்மையானது. 1998-ஆம் ஆண்டில் அந்நகரில் தகவல் தொழில்நுட்பம் பற்றி நடந்த கருத்தரங்கு ஒன்றையொட்டி, சாதாரண மக்களுக்கேற்ற ஒரு கணினியை உருவாக்க வேண்டும் என்ற எண்ணம் பிறந்தது. அங்குள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர்களான விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும், என்கோர் என்னும் மென்பொருள் நிறுவனத்தைச் சேர்ந்த வினய் தேஷ்பாண்டே முதலியோரும் இணைந்து 1999-இல் சிம்ப்யூட்டர் அறக்கட்டளையை நிறுவினர். 2001 ஏப்ரலில் முதல் மாதிரிக் கருவி மக்கள் முன் வைக்கப்பட்டது. அது உள்ளங்கையில் அடங்கும் கருவியேயன்றி மடிக்கணினி அன்று. எனினும், குறைந்த விலைக் கணினி ஒன்றை வடிவமைப்போர் எதை முதலில் நினைக்க வேண்டும் என்பதற்கு அது இன்றும் நல்ல எடுத்துக்காட்டாகும்.

அவ்வறிஞர்கள் செயலியின் வேகத்திலிருந்து தொடங்கவில்லை. கருவியைக் கையாளப் போகிறவர் யார், அவர் செய்யப் போகும் வேலை யாது என்பதிலிருந்து தொடங்கினர். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பயன்படுத்த வேண்டுமாதலால், எழுத்தை இந்திய மொழிகளில் ஒலியாக்கிச் சொல்லும் வசதி அமைக்கப்பட்டது. தனியொருவரால் வாங்க இயலாதாதலால், ஊர் முழுவதும் ஒரே கருவியைப் பகிர்ந்துகொண்டு, ஒவ்வொருவரும் தத்தம் விவரங்களை ஒரு சிறு ஸ்மார்ட் அட்டையில் வைத்துக்கொள்ளும் முறை வகுக்கப்பட்டது. விசைப்பலகைக்குப் பதிலாகத் தொடுதிரை வைக்கப்பட்டது. இயக்க மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் இல்லாத லினக்ஸ் தேர்ந்தெடுக்கப்பட்டது. செயலி 206 மெகாஹெர்ட்ஸ் வேகமுடையது. அக்காலத்து மேசைக் கணினியோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. ஆயினும் எடுத்துக்கொண்ட வேலைக்கு அது போதுமானதாயிருந்தது. மின்சாரச் செலவும் குறைவு.

சுமார் 9,000 ரூபாய்க்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது முதற் குறிக்கோள். 2004-இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பில் அமிதா என்னும் பெயருடன் அது விற்பனைக்கு வந்தபோது, மிக எளிய வகை ஏறத்தாழ 10,000 ரூபாயும், வண்ணத்திரையுடைய வகை ஏறத்தாழ 20,000 ரூபாயும் ஆயின. கர்நாடகத்தில் நில ஆவணப் பணியிலும் சத்தீஸ்கரில் பள்ளிக் கல்வியிலும் அது பயன்பட்டதுண்டு. எனினும் விற்பனை எதிர்பார்த்ததில் ஒரு சிறு பகுதியளவே நடந்தது. மாதிரிக்கும் விற்பனைக்கும் இடையே கழிந்த மூன்றாண்டுகளில் கைப்பேசிகளின் விலை வெகுவாக இறங்கிவிட்டதே இதற்கு முக்கியக் காரணம் எனலாம்.

அடுத்து, விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சிலின் உதவியுடன் என்கோர் நிறுவனமே மொபிலிஸ் என்னும் கருவியை 2005 மே மாதத்தில் வெளியிட்டது. முக்கால் கிலோ எடை, 7 அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட திரை, சுமார் 10,000 ரூபாய் விலை. மலிவு மடிக்கணினி என்றே அது அறிவிக்கப்பட்டது. சந்தையில் அதுவும் பரவவில்லை. 2011 அக்டோபரில் மத்திய அரசு அறிமுகப்படுத்திய ஆகாஷ் பலகைக் கணினியின் கதை வேறு வகையானது. விலையைக் குறைப்பதே அங்கு முதல் நோக்கமாயிருந்தமையால், 366 மெகாஹெர்ட்ஸ் செயலியும் 256 மெகாபைட் ராமும் கொண்டு வந்த முதல் வகையைச் சில மாதங்களிலேயே திருத்த வேண்டியதாயிற்று. எத்தகைய சோதனைகளில் கருவி தேற வேண்டும் என்பது பற்றி வழங்கியோருக்கும் சோதித்தோருக்கும் இடையே வாதமும் எழுந்தது. தேற வேண்டிய சோதனையை வாங்கும் முன்பே முடிவு செய்துகொள்ளாத எவருக்கும், அரசாயினும் ஆசிரியராயினும், இது நேரக்கூடியதே.

வேலையை முதலில் எழுதிக்கொள்ளுதல்

ஆகவே கடைக்குச் செல்லும் முன் ஒரு தாளில், இயந்திரம் செய்ய வேண்டிய வேலைகளை எழுதிக்கொள்ள வேண்டும். ஓசூருக்கு அருகிலுள்ள நடுநிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் பேருந்தேறிப் பெங்களூருக்கு வாங்க வருகிறார் என்று கொள்வோம். அவருடைய தாளில் இவ்வாறு இருக்கலாம்: 200 மாணவர்களின் மதிப்பெண் அட்டவணை, தமிழில் வினாத்தாள் அச்சிடல், இணையத்தில் துறைப் பக்கத்தைத் திறந்து விவரம் பதிதல், வகுப்பில் 20 நிமிடப் படம் காட்டல், காலை மின்தடை நேரத்தில் மூன்று மணி நேரம் பாட்டரியில் ஓடுதல். இவற்றுள் எதற்கும் பெருவேகச் செயலி வேண்டியதில்லை. ஆனால் இவற்றை ஒரே நேரத்தில் திறந்து வைத்திருக்க இடம் வேண்டும். தமிழ் எழுத்து தெளிவாகத் தெரியும் திரை வேண்டும். உழைக்கும் பாட்டரி வேண்டும். கடையின் விளம்பரமோ பெரும்பாலும் செயலியின் பெயரையே பெரிய எழுத்தில் காட்டுகிறது.

செயலியின் பெயரும் எண்ணும்

செயலியைப் பற்றி இரண்டொரு குறிப்புகள் போதும். முதலாவது, பெயரைக் காட்டிலும் தலைமுறை முக்கியம். 2011-ஆம் ஆண்டின் கோர் ஐ7 மடிக்கணினிச் செயலிகளுட் சில இரண்டே உட்கருக்கள் உடையவை. 2022-இல் வந்த கோர் ஐ3-1215யூ ஆறு உட்கருக்கள் உடையது. ஐ7 என்னும் ஒட்டுச்சீட்டை மட்டும் நம்பிப் பழைய இயந்திரத்தை வாங்குவோர் இங்கே ஏமாறுகின்றனர். எண் பெரியதாயிருப்பதாலும் புதியதென்று கொள்ளலாகாது. ரைசன் 3 7320யூ என்னும் செயலி 2022-இல் வெளிவந்தது. அதன் உள்ளமைப்போ 2019-இல் முதலில் வந்த ஜென் 2 என்பதாகும். அவ்வெண்ணின் மூன்றாம் இலக்கமான 2 அதையே குறிக்கிறது. நான்கு இலக்கங்களில் உண்மையைச் சொல்லும் இலக்கத்தை மூன்றாவதாக வைத்த வழக்கம் வாங்குபவரை நினைத்துச் செய்ததாகத் தோன்றவில்லை.

இரண்டாவது, உச்ச வேகம் நீடித்த வேகம் அன்று. மிக மலிவான இயந்திரங்களில் காணப்படும் செலரான் என்4020 இரண்டு உட்கருக்கள் உடையது. அடிப்படை வேகம் 1.1 கிகாஹெர்ட்ஸ், உச்சம் 2.8. விவரச்சீட்டில் 2.8 என்றே அச்சிடப்பட்டிருக்கும். அவ்வேகம், சில்லு சூடேறாத வரையில்தான் கிட்டும். 2023 தொடக்கத்தில் வந்த என்100 என்பது நான்கு உட்கருக்களும் 3.4 கிகாஹெர்ட்ஸ் உச்சமும் உடையது. இரண்டும் 6 வாட் வகுப்பைச் சேர்ந்தவையே. விலையில் சிறிதே வேறுபாடு இருக்குமாயின் பின்னதைக் கொள்வதே தக்கது.

உஷ்ணத்தைப் பற்றி ஒரு கணக்கு. சில்லின் உள்ளே 95 பாகை செல்சியஸ் வரை விடலாம் எனக் கொள்வோம். பெங்களூர்க் கடையில் காற்று 25 பாகையில் உள்ளது, வேறுபாடு 70. அதே இயந்திரம் வேலூரில் மே மாதம் 40 பாகையில் இயங்கும்போது வேறுபாடு 55 ஆகிறது. வெளியேறும் உஷ்ணம் இவ்வேறுபாட்டுக்கு ஏறத்தாழ விகிதமானது. ஆகவே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவாகவே உஷ்ணம் வெளியேறும். செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கடையில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்த வேகத்தைக் கோடைக்கால வகுப்பறையில் எதிர்பார்க்கலாகாது என்பது இதனால் விளங்கும்.

எழுத்தரின் மேசையும் பதிவேட்டறையும்

மலிவு இயந்திரம் மந்தமாவதற்கு மிகப் பெரிய காரணம் செயலியன்று, ராமும் சேமிப்பகமுமே. இதை ஓர் அலுவலகத்தைக் கொண்டு விளக்கலாம். செயலி என்பவர் எழுத்தர். ராம் அவருடைய மேசை. சேமிப்பகம் என்பது பதிவேட்டறை. மேசையின்மீது உள்ள கோப்பை எழுத்தர் உடனே பார்த்துவிடுவார். மேசை நிரம்பிவிட்டால், புதிய கோப்பை வைக்கப் பழையதொன்றைப் பதிவேட்டறைக்கு அனுப்பியாக வேண்டும். மறுபடி வேண்டும்போது எழுந்து சென்று எடுத்துவர வேண்டும். எழுத்தர் எத்துணைச் சுறுசுறுப்பானவராயினும், நாளெல்லாம் நடையிலேயே கழியுமாயின் வேலை ஆகாது.

விண்டோஸ் 11 இயங்கக் குறைந்தபட்சத் தேவை 4 ஜிகாபைட் ராம், 64 ஜிகாபைட் சேமிப்பகம் என்று அதை வெளியிட்ட நிறுவனமே குறித்துள்ளது. இது இயங்கத் தொடங்குவதற்குரிய அளவேயன்றி வசதியாக வேலை செய்வதற்குரிய அளவன்று. 4 ஜிகாபைட்டில் பாதிக்கு மேல் இயக்க மென்பொருளுக்கே போய்விடுகிறது. எஞ்சிய இடத்தில் இணைய உலாவியின் நான்கைந்து பக்கங்களும் ஒரு அட்டவணையும் திறந்தால் மேசை நிரம்பிவிடும். அதன்பின் நடை தொடங்குகிறது.

அந்நடையின் தூரம் சேமிப்பகத்தின் வகையைப் பொறுத்தது. ராமிலிருந்து வினாடிக்கு 20,000 மெகாபைட் அளவுக்கு விவரங்களை எடுக்க முடியும். மிக மலிவான மடிக்கணினிகளில் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்ட இஎம்எம்சி என்னும் சேமிப்பகம் உள்ளது. அதிலிருந்து படிக்கும் வேகம் சுமார் 250 மெகாபைட், எழுதும் வேகம் அதனினும் குறைவு. என்விஎம்இ வகைத் திடநிலைச் சேமிப்பகம் 2,000 மெகாபைட்டுக்கு மேல் தருகிறது. பழைய ஹார்ட் டிஸ்க் தொடர்ச்சியாகப் படிக்கையில் 100 மெகாபைட் தரலாம். ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் சிறு விவரங்களைத் தேடுகையில் அதன் நிலை பரிதாபத்துக்குரியது. நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் வட்டு ஒரு சுற்றுக்கு 11 மில்லிவினாடி எடுக்கிறது. வேண்டிய இடம் முனையின் கீழ் வரச் சராசரி அரைச் சுற்று, முனை நகரப் பத்து மில்லிவினாடிக்கு மேல். ஆக வினாடிக்கு 60 தேடல்களே இயலும். திடநிலைச் சேமிப்பகமோ அதே வினாடியில் பல்லாயிரம் தேடல்களை முடித்துவிடும். பழைய இயந்திரத்தில் ஹார்ட் டிஸ்க்கை நீக்கித் திடநிலைச் சேமிப்பகத்தைப் பொருத்தியவுடன் அது புதுப்பிறவி எடுத்தாற்போல் இயங்குவதன் இரகசியம் இதுவே.

64 ஜிகாபைட் என்று எழுதப்பட்ட சேமிப்பகம் கணினியில் 59.6 என்றே காட்டும். பத்தின் அடுக்குகளிலும் இரண்டின் அடுக்குகளிலும் எண்ணும் வழக்க வேறுபாடே இதற்குக் காரணம். இதில் மோசடி ஒன்றுமில்லை. ஆனால் அதில் இயக்க மென்பொருள் பெரும்பகுதியைக் கொண்டுவிடுவதால், ஓராண்டுக்குள் புதுப்பிப்புகளை ஏற்க இடமின்றிப் போகும். எனவே இவ்விலைப் பிரிவில் கொள்ளத்தக்க கீழெல்லை 8 ஜிகாபைட் ராமும் 256 ஜிகாபைட் திடநிலைச் சேமிப்பகமும் எனலாம். 4 ஜிகாபைட் உடையதைத்தான் வாங்க முடியுமென்றால், ராமைப் பின்னர் கூட்டுவதற்கு வெற்றுச் செருகிடம் உள்ளதா என்று கேட்டு, விடையை விற்பனைச் சீட்டில் எழுதி வாங்க வேண்டும். பற்றவைக்கப்பட்ட ராமைக் கூட்ட இயலாது. மேற்சொன்ன 7320யூ செயலியுள்ள இயந்திரங்கள் யாவும் இவ்வகையினவே.

திரையும் பாட்டரியும்

தமிழில் வேலை செய்பவர் திரையைச் சற்றுக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 15.6 அங்குலத் திரையில் 1366 × 768 புள்ளிகள் இருந்தால் அங்குலத்துக்கு 100 புள்ளிகள். 1920 × 1080 இருந்தால் 141. சிறிய எழுத்தில் ‘ஞு’, ‘னூ’, ‘றை’ போன்றவற்றின் வளைவுகள் முன்னதில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நாள்தோறும் வினாத்தாள் திருத்தும் கண்களுக்கு இவ்வேறுபாடு சிறியதன்று. மலிவுத் திரைகளின் ஒளி பெரும்பாலும் 220 நிட் அளவினது. அறைக்குள் இது போதும். மரத்தடியில் பகல் வெளிச்சத்தில் போதாது. வெளிக்களப் பணியாளர் கடையின் வாசலுக்கு இயந்திரத்தை எடுத்துச் சென்று பார்த்தல் வேண்டும். பக்கவாட்டிலிருந்தும் கீழிருந்தும் பார்க்கையில் நிறம் வெளுத்தோ கறுத்தோ போகுமாயின் அது டிஎன் வகைத் திரை. ஐந்து மாணவர் சூழ்ந்து பார்க்க உதவாது.

பாட்டரிக்கு ‘பத்து மணி நேரம்’ என்னும் விளம்பரத்தை விட்டு, அடியில் அச்சிட்ட வாட்-மணி எண்ணைப் பார்க்க வேண்டும். 38 வாட்-மணி பாட்டரியும் சராசரி 7 வாட் செலவும் உள்ள இயந்திரம் 5.4 மணி நேரம் ஓடும். சில நூறு முறை ஏற்றி இறக்கியபின் கொள்ளளவு 80 விழுக்காடாகக் குறைவது லித்தியம்-அயன் பாட்டரிகளின் இயல்பு, அப்போது 4.3 மணி நேரமே கிடைக்கும். மூன்று மணி நேரத் தேவையுடைய ஓசூர் ஆசிரியருக்கு அப்பொழுதும் இது போதும். வாங்கும்போதே தேவைக்குச் சமமாக இருந்தால் இரண்டாம் ஆண்டில் போதாது.

இயந்திரத்தின் அடியில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் பதிவு எண்ணும் இருக்கும். மடிக்கணினிகளுக்குக் கட்டாயமான இப்பதிவு ஐஎஸ் 13252 என்னும் பாதுகாப்புத் தரத்தைப் பற்றியது. மின் அதிர்ச்சி, தீ முதலிய ஆபத்துகளிலிருந்து காப்பு உண்டு என்பதற்கே அது சான்று. வேகத்துக்கும் உழைப்புக்கும் அன்று. முத்திரை இல்லாததை வாங்கலாகாது. முத்திரை இருப்பதாலேயே நல்லதென்றும் கொள்ளலாகாது.

கடையில் செய்யத்தக்க சோதனை

காட்சிக்கு வைக்கப்பட்ட இயந்திரத்தில் அரைமணி நேரம் செலவிட அனுமதி கேட்க வேண்டும். மறுக்கும் கடையில் வாங்காதிருப்பதே நலம்.

முதலில் இயந்திரத்தை முழுவதும் அணைத்து மறுபடி இயக்கி, எதுவும் திறவாத நிலையில் பணி மேலாளர் என்னும் பக்கத்தில் ராம் எவ்வளவு பயனிலுள்ளது என்று பார்க்க வேண்டும். பின்னர் தாளில் எழுதிய வேலைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, எதையும் மூடாமல் அடுத்ததற்குச் செல்ல வேண்டும். ராம் 90 விழுக்காட்டைத் தாண்டி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுகையில் திரை ஓரிரு வினாடி உறைந்து நிற்குமாயின், ஓராண்டு கழித்து அது பத்து வினாடி ஆகும்.

சேமிப்பகத்தை அளப்பதில் பலர் ஒரு தவறு செய்கின்றனர். பென் டிரைவிலிருந்து கோப்பை நகலெடுத்து நேரம் பார்க்கின்றனர். பழைய யுஎஸ்பி 2.0 வகைப் பென் டிரைவ் வினாடிக்கு 35, 40 மெகாபைட்டுக்கு மேல் தராது. ஆகவே அளக்கப்படுவது பென் டிரைவேயன்றிக் கணினியன்று. கோப்பை முதலில் கணினிக்குள் கொண்டுவந்து, பிறகு அங்கேயே ஒரு கோப்புறையிலிருந்து மற்றொன்றுக்கு நகலெடுத்து நேரத்தைக் குறிக்க வேண்டும். கோப்பின் பருமன் ராமின் அளவைக் காட்டிலும் பெரிதாயிருத்தல் அவசியம். இன்றேல் கணினி அதை ராமில் ஏற்றிக்கொண்டு ‘முடிந்தது’ என்று காட்டிவிடும். 6 ஜிகாபைட் பருமனுள்ள படத்தொகுப்பை நகலெடுக்க 75 வினாடி ஆனால் வேகம் 80 மெகாபைட். 12 வினாடி ஆனால் 500 மெகாபைட். பிரதான வேறுபாடு இவ்வொரு சோதனையிலேயே வெளிப்பட்டுவிடும்.

நகலெடுத்தல் நடக்கையிலேயே ஒரு படத்தை முழுத்திரையில் ஓடவிட்டு, இருபது நிமிடம் கழித்து விசைப்பலகையின் நடுப்பகுதியில் கை வைத்துப் பார்க்க வேண்டும். அவ்விடைவேளையில் உடலமைப்பைச் சோதிக்கலாம். மூடியை ஒரு கையால் திறக்கும்போது அடிப்பாகம் உடன் எழும்புகிறதா, கீல் இரு பக்கமும் ஒரே அளவு இறுக்கமாக உள்ளதா, ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால் உடல் முறுகுகிறதா என்று காண வேண்டும். மலிவு மடிக்கணினிகளில் முதலில் உடையும் உறுப்புகளுள் கீல் ஒன்று. பிளாஸ்டிக்கில் பதித்த பித்தளைத் திருகுகள் பெயர்ந்து வருவதே வழக்கமான காரணம். விசைப்பலகையில் தமிழில் ஒரு பத்தி தட்டச்சு செய்து பார்த்தல் வேண்டும். விசை நடுவில் வளைந்து அமுங்குமாயின் அதன் அடித்தகடு மெல்லியது.

பழைய இயந்திரங்களும் எஸ்.பி. ரோடும்

பெங்களூர் நகரச் சந்தைக்கு அருகில் உள்ள சதர் பத்ரப்பா சாலையை மக்கள் எஸ்.பி. ரோடு என்றே அழைக்கின்றனர். கணினி உறுப்புகளுக்குப் பெயர்பெற்ற தெரு. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் மூன்று நான்கு ஆண்டுகள் பயன்படுத்தி மாற்றிய மடிக்கணினிகள் சீர்செய்யப்பட்டு இத்தகைய தெருக்களில் விற்பனைக்கு வருகின்றன. அலுவலக உபயோகத்துக்கென்று செய்யப்பட்டவையாதலால் அவற்றின் கீலும் விசைப்பலகையும் உறுதியானவை. ராமும் சேமிப்பகமும் பெரும்பாலும் மாற்றக்கூடியவை. புதிய செலரான் இயந்திரத்தின் விலைக்கே அல்லது அதனினும் குறைவாகவே, இவற்றுள் நல்லதொன்று கிட்டக்கூடும். தெரிந்து வாங்குவோருக்கு இதுவே சிறந்த வழி என்பதில் ஐயமில்லை. தெரியாமல் வாங்குவோருக்கு ஆபத்தும் இங்கேதான் மிகுதி.

மூன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10-க்கு அதன் நிறுவனம் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்க, இன்டெல் கோர் வகையில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிற்பட்ட செயலி வேண்டும். அதற்கு முற்பட்டதை லினக்ஸ் கொண்டு இயக்க விரும்புவோர் மட்டும் வாங்கலாம். கேரளத்து அரசுப் பள்ளிகள் லினக்ஸைக் கொண்டே கணினிக் கல்வியை நடத்திவருவதால் இதைத் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. ஆனால் துறை கேட்கும் மென்பொருள் அதில் ஓடுமா என்பதை முன்னரே விசாரித்துக்கொள்ள வேண்டும். அடுத்தது பாட்டரி. இயக்க மென்பொருள் தரும் பாட்டரி அறிக்கையில், செய்யப்பட்ட நாளின் கொள்ளளவும் இன்றைய முழுக் கொள்ளளவும் தனித்தனியே காட்டப்படும். 50 வாட்-மணியாயிருந்தது 31 ஆகியிருந்தால் 62 விழுக்காடே எஞ்சியுள்ளது. புதிய பாட்டரியின் விலையை இயந்திரத்தின் விலையோடு கூட்டிக்கொண்டு பேரம் பேச வேண்டும். மூன்றாவது, பூட்டு. முந்தைய நிறுவனத்தின் கடவுச்சொல்லோ நிர்வாகப் பதிவோ நீக்கப்படாமலிருந்தால், மென்பொருளை மறுபடி நிறுவும் நாளன்று இயந்திரம் வாங்கியவருக்குக் கட்டுப்படாது. ஆகவே, கடையிலேயே இணையத்தோடு இணைத்து, முழுவதும் அழித்து, புதிதாக நிறுவிக் காட்டச் சொல்ல வேண்டும்.

விலையை ஆண்டுக்குப் பகிர்ந்து பார்த்தல்

ஓசூர் ஆசிரியர் முன் இப்போது மூன்று இயந்திரங்கள் உள்ளன என்று கொள்வோம். 22,000 ரூபாய்க்குப் புதியது ஒன்று: பற்றவைத்த 4 ஜிகாபைட் ராம், 64 ஜிகாபைட் இஎம்எம்சி. 32,000 ரூபாய்க்குப் புதியது மற்றொன்று: 8 ஜிகாபைட் ராம், கூட்டச் செருகிடம், 512 ஜிகாபைட் திடநிலைச் சேமிப்பகம். 20,000 ரூபாய்க்கு எட்டாம் தலைமுறைப் பழைய அலுவலக இயந்திரம். பாட்டரி மாற்ற மேலும் 3,000. முதலாவது அவருடைய வேலைகளுக்கு இரண்டாண்டே ஈடுகொடுக்கும் எனில் ஆண்டுக்கு 11,000 ரூபாய் ஆகிறது. இரண்டாவது ஐந்தாண்டு உழைத்தால் ஆண்டுக்கு 6,400. மூன்றாவது மூன்றாண்டு உழைத்தால் ஏறத்தாழ 7,700. ஆயினும் அதற்கு உத்தரவாதம் சில மாதங்களே இருக்கும். கையில் 25,000 மட்டுமே உள்ளவர் முதலாவதை விட்டு மூன்றாவதைக் கொள்வதே கணக்குக்குப் பொருந்துவது. இன்னும் சில மாதம் பொறுத்துச் சேமிக்கக் கூடியவர் இரண்டாவதைக் கொள்ளலாம்.

எதை வாங்கினாலும் இயந்திரத்தின் வரிசை எண், ராமின் அளவு, சேமிப்பகத்தின் வகை, உத்தரவாத நாள் ஆகிய நான்கும் விற்பனைச் சீட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஊருக்கு அருகில் பழுதுபார்க்கும் நிலையம் எங்குள்ளது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். ஓசூரிலிருந்து பெங்களூர் 40 கிலோமீட்டர், ஆனால் தளியிலிருந்தோ அஞ்செட்டியிலிருந்தோ வருபவருக்கு ஒரு பழுதுக்கு ஒரு நாள் விடுப்பு செலவாகும். வாங்கிய முதல் வாரத்தில் மேற்சொன்ன நகலெடுக்கும் சோதனையையும் பாட்டரி நேரத்தையும் வீட்டில் மறுமுறை அளந்து, தேதியிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தல் வேண்டும். ஆறு மாதத்துக்கொருமுறை அவ்வளவுகளை எடுத்துப் பக்கத்தில் எழுதிவந்தால், மந்தம் பாட்டரியில் உள்ளதா, சேமிப்பகம் நிரம்பியதால் வந்ததா, காற்று வழியில் தூசி அடைத்ததா என்பதை உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே பிரித்தறிய முடியும்.